முழுக வார்க்கிற சூடு

"அப்ப காய்ஞ்ச இழையையோ இழுத்தனீங்கள், ஜெனிற்றா?"

அருட்செல்வன் சேர் இதைக் கேட்டபோது குரலை உயர்த்தவில்லை. அவர் எதற்கும் குரலை உயர்த்துகிறவரல்ல. கணினித் திரையைப் பார்த்தபடி, தேத்தண்ணிக்குச் சீனி போடட்டோ என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டார். ஆனால் பக்கத்தில் ஊசிக்குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்த துஷாந்தினி பைப்பைப் பூட்டிவிட்டு அப்படியே நின்றாள். அந்தக் கேள்வியின் கனம் அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

மீன் தோலிலிருந்து எடுக்கிற கொலாஜன் இழை, காய்ந்திருக்கும்போது நைலோன் நூல் மாதிரி நிற்கும். எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். ஆனால் மனித உடம்புக்குள் எதுவும் காய்ந்திருப்பதில்லை. அறுந்துபோன தசைநாணைத் தைக்கப் போகிற இழையை, உடம்பின் சூட்டிலிருக்கும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அந்த ஈரத்தோடேயே இயந்திரத்தின் கவ்விகளில் பூட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். காய்ந்ததை இழுத்துவிட்டு நனைந்தது என்று எழுதுவது, பரீட்சையில் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதுகிற மாதிரி.

"இல்லை சேர். நனைச்சுத்தான் இழுத்தனான்."

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும்."

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொழும்பிலையிருந்து டொக்டர்மார் கேக்கினம். மார்கழியிலை நாங்கள் அனுப்பின இலக்கங்களும் இப்ப வாறதும் ஒரே பொருளின்ரை மாதிரி இல்லையாம். ஆட்டிலை தைச்சுப் பாக்கிறதுக்கு முதல் தங்களுக்கு ஒரு விளக்கம் வேணுமாம். நான் என்ன மறுமொழி எழுத?"

மார்கழியில் செய்த இழைகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. ஓர் இழை நல்லது என்று காட்டுவதற்கு அதை அறுக்கத்தான் வேண்டும், எல்லாவற்றையும் அறுத்தாயிற்று. மிஞ்சியிருந்தது ஜெனிற்றாவுடைய சொல் மட்டும். சித்திரை வெக்கையில் அந்தச் சொல்லும் இளகத் தொடங்கியிருந்தது.

ஜெனிற்றா குருநகர்ப் பிள்ளை. தகப்பன் நீக்கிலாப்பிள்ளை வாழ்நாள் முழுக்கக் கடலுக்குப் போய், கடலில் ஒன்றும் ஆகாமல், வீட்டுக் கதிரையில் இருந்தபடி மாரடைப்பில் போனவர். அதற்குப் பிறகு படகும் வலையும் தமையன் லியோனுக்கு. தாய் செபஸ்தியம்மா மீன் வெட்டுவாள், கருவாடு போடுவாள். ஆனால் அந்தச் சின்ன ஒழுங்கைத் தெருவில் அவளுக்குப் பேர் வேறொன்றால். பிறந்த பிள்ளைகளை முழுக வார்க்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். பேசினுக்குள் முழங்கையை விட்டுப் பார்ப்பாள். "இன்னும் ஒரு சிரட்டை பச்சைத்தண்ணி விடு" என்பாள். திரும்பவும் முழங்கை. அவளுடைய கையில் கத்தின பிள்ளை இல்லை என்று சொல்வார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஜெனிற்றாவுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை ஒருநாள் வாங்கை விட்டு எழும்பி வேறிடத்தில் போய் இருந்தது. ஏன் என்று ரீச்சர் கேட்கவில்லை. ஜெனிற்றாவும் கேட்கவில்லை. அன்றையிலிருந்து எங்கே இருக்கப் போனாலும், இருப்பதற்கு முன்னால் ஒருதரம் உள்ளங்கையை முகர்ந்து பார்க்கிற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. மூக்கைச் சொறிகிற மாதிரிச் செய்வாள், மற்றவர்களுக்குத் தெரியாது. படித்துப் பட்டம் எடுத்தாள். ஒரு இடத்தில் தற்காலிக வேலை, இன்னொரு இடத்தில் இன்னொரு தற்காலிக வேலை, இடையில் ரியூசன் வகுப்புகள். முப்பது வயதையும் தாண்டினாள். உள்ளங்கையை மட்டும் விடவில்லை.

அருட்செல்வன் சேருடைய ஆய்வுகூடம் கொக்குவிலில், மதில் கட்டின வளவுக்குள் இருந்த ஒரு பழைய வீடு. உரிமைக்காரர் கனடாவில். முன்விறாந்தை அலுவலகம்; குசினியில் அமிலப் போத்தல்கள்; இழுத்துப் பார்க்கும் இயந்திரம் சாமியறையில், ஏனென்றால் அந்த அறையின் நிலம்தான் மட்டமாக இருந்தது. வளவுக்குப் பின்னால் ரயில்பாதை. ரயில் போகும்போது நிலம் அதிரும், திரையில் ஓடுகிற கோடு நடுங்கும். அதனால் ரயில் கடவையில் மணி கேட்டதும் எல்லாரும் கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். "எங்கடை சாமியறையிலை ரயிலுக்குத்தான் பூசை" என்பாள் துஷாந்தினி. அவள் ஆய்வுகூடத்துக்குப் பக்கத்து ஒழுங்கைப் பிள்ளை, ஜெனிற்றாவுக்கு இளையவள். மீனே சமைக்காத வீட்டிலிருந்து வந்து மீன் தோல் வெட்டுகிறவள்.

முதலில் அங்கே இறைச்சிக்கடையிலிருந்து ஆட்டுத் தசைநாண் வாங்கித்தான் வேலை செய்தார்கள். கிளாத்தித் தோலைப் பற்றிச் சொன்னது ஜெனிற்றா. கிளாத்தி மீனின் தோல் செருப்புத் தோல் மாதிரித் தடிப்பு. உரித்தெறியாமல் ஒருவரும் கறி வைப்பதில்லை. "சேர், அண்ணையின்ரை கொட்டிலிலை உது வாளி வாளியாக் கிடந்து நாறுது" என்று சொல்லிவிட்டு, நாறுது என்ற சொல்லைச் சொல்லியிருக்கத் தேவையில்லை என்று அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தாள்.

தோலைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, மெல்லிய அமிலத்தில் போட்டு, பிரிட்ஜுக்குள் நாட்கணக்கில் ஊறவிட்டால் அது கரைந்து தடித்த கஞ்சியாகும். தொடக்கம் முதல் முடிவு வரை குளிர் வேண்டும். மீன் கொலாஜனுக்குச் சூடு ஆகாது. அந்தக் கஞ்சியை ஊசிக்குழாயில் அடைத்து உப்புக் கரைசலுக்குள் மெல்ல மெல்லத் தள்ள வேண்டும். தண்ணீருக்குள் ஒரு வெள்ளைக் கோடு பிறக்கும். அவசரப்பட்டால் முடிச்சு விழும், தயங்கினால் அறும். அந்தக் கோட்டை இடுக்கியால் பிடித்து எடுத்து, நுனியில் ஒரு சின்ன ஈயக்குண்டைத் தொங்கவிட்டுக் காயப்போட வேண்டும். ஈயக்குண்டுகள் லியோனுடைய வலையிலிருந்து வந்தவை. பிறகு இழையின் உள்முறுக்கைக் கட்டிப்போடுகிற ஒரு மருந்து. அதற்குப் பிறகுதான் நனைப்பதும் இழுப்பதும்.

லியோனுடைய வலதுகைச் சுட்டுவிரல் மடங்காது. வலைக்கயிறு இறுகி உள்ளே தசைநாணை வெட்டினதிலிருந்து அது எப்போதும் யாரையோ காட்டியபடியே நிற்கும். "நீ நூலைச் செய்து முடி தங்கச்சி. விரல் மடங்கினவுடனை உனக்குத்தான் முதல் குட்டு" என்று சொல்லுவான்.

மார்கழி மழையில் ஒருநாள் இழை அறாமல் நின்றது. நனைந்த இழை. திரையில் கோடு ஏறி ஏறிப் போனது. அறுமென்று நினைத்த இடத்தில் அறாமல் இன்னும் மேலே போனது. "சோக்கா இருக்கு" என்றார் சேர், அடுத்தநாள் பதிவைப் பார்த்துவிட்டு. அவரிடமிருந்து வந்த மிகப் பெரிய சொல் அதுதான். அடுத்தடுத்துச் செய்த இழைகளும் அப்படியே நின்றன. இலக்கங்கள் கொழும்புக்குப் போயின.

நத்தாருக்குக் கிட்டவாக, காங்கேசன்துறை வீதியால் போகிற பஸ்ஸில் அது நடந்தது. வழமை போல ஜெனிற்றா தோல்களை ஐஸ் போட்ட ரெஜிபோம் நுரைப்பெட்டிக்குள் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு இருந்தாள். மூடியின் ஒரு மூலை உடைந்திருந்தது. முன் சீற்றில் இருந்த ஒரு அம்மா சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார். பின்னால் யாரோ, "ஆரப்பா சந்தையையும் கொண்டு பஸ்ஸிலை ஏறினது?" என்று கேட்க ஒரு சிரிப்பு எழும்பியது. கண்டக்டர் வந்து குனிந்து, அன்பாகத்தான் சொன்னான். "தங்கச்சி, சனம் கதைக்குது. தட்டாதெருச் சந்தியிலை இறங்கிப் பின்னாலை வாற பஸ்ஸிலை வாங்கோவன்."

அவள் இறங்கினாள். பின்னால் வந்த பஸ்ஸில் ஏறவில்லை. மிச்சத் தூரத்தை நடந்தாள். வீட்டில் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த தோல்கள் வேறு மாதிரி இருந்தன. லியோனின் படகு கரைக்கு வருவது அவள் வேலைக்குப் போன பிறகு. அடுத்தநாள் விடிய அவள் எடுத்துக்கொண்டு போகப் பெட்டி கட்டித் தயாராக இருக்கும். அதற்குள் தோல் வெள்ளையாக, மெதுமையாக, வழுவழுப்பில்லாமல் இருந்தது. மூடியைத் திறந்தால் மீன் வெடுக்கு இல்லை. லேசாக ஒரு புளிப்பு மணம், தேசிக்காய் மணம். அம்மா நல்லாக் கழுவியிருக்கிறா என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி. பஸ்ஸில் இருப்பதற்கு முன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள், ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாமை அவளுக்குப் பெரிய சுகமாக இருந்தது. சுகமாக இருக்கிற ஒன்றை ஒருவரும் நின்று கேள்வி கேட்பதில்லை.

தையில் செய்த இழைகள் பாதிப் பாரத்தில் அறுந்தன. மாசியில் அதற்கும் கீழே. பங்குனியில் சில இழைகள் கவ்வியில் பூட்டும்போதே, ஊறின பாண் மாதிரி விட்டுப்போயின.

எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார்கள். ரயிலைச் சந்தேகப்பட்டார்கள். கறண்ட் போய்ப் போய் வருவதால் பிரிட்ஜைச் சந்தேகப்பட்டார்கள். அமிலத்துக்குப் புதுப் போத்தல் வந்தது. வெக்கை என்றார்கள், அது எல்லாருக்கும் பொருத்தமாகப்பட்டது. கடைசியில் மிஞ்சியது கை. "இந்த முறை துஷாந்தினி ஊசியைப் பிடிக்கட்டும். நீங்கள் பக்கத்திலை நில்லுங்கோ" என்றார் சேர். துஷாந்தினி பிடித்தாள். அதுவும் அறுந்தது. ஒரு கணம் ஜெனிற்றாவுக்கு மூச்சு வந்தது: பிழை தன்னுடைய கையில் இல்லை. அடுத்த கணம் விளங்கியது: எல்லாருடைய கையிலும் அறுகிறதென்றால், கேள்வி இப்போதைய இழையைப் பற்றியதல்ல, மார்கழி இழையைப் பற்றியது. அதைச் செய்தவள் அவள். தனியே நின்று இழுத்தவளும் அவள்.

அதனால்தான் அந்தக் கேள்வி வந்தது. காய்ஞ்ச இழையையோ இழுத்தனீங்கள்.

அன்று மத்தியானம் கறண்ட் போனது, வரவில்லை. சேர் எல்லாரையும் போகச் சொன்னார். துஷாந்தினி படலையடி வரைக்கும் கூட வந்தாள். "ஜெனியக்கா, நான் அப்பிடி நினைக்கேல்லை" என்றாள்.

குருநகரில் இறங்கி ஒழுங்கைக்குள் திரும்பும்போதே தேசிக்காய் மணம் வந்தது. வீட்டுக்குப் பின்னால், பைப்படியில், செபஸ்தியம்மா முக்காலியில் இருந்தாள். முன்னால் நீலப் பேசின். பிள்ளைகளை முழுக வார்க்கிற அதே பேசின். அதற்குள் கிளாத்தித் தோல்கள் மிதந்தன. அவள் ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளங்கையில் விரித்து, பெருவிரலால் மெல்லத் தடவி, திருப்பி, மற்றப் பக்கமும் தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிழிந்த தேசிக்காய்க் கோதுகள் குவியலாகக் கிடந்தன.

"வந்திட்டியே? இஞ்சையும் கறண்ட் இல்லை" என்றாள் நிமிராமல். "நாளைக்கு உனக்குத்தான் இது. இண்டைக்கு நல்ல பெரிய தோல்."

ஜெனிற்றா குனிந்து பேசினுக்குள் கையை விட்டாள். இளஞ்சூடு.

"சுடுதண்ணியே அம்மா?"

"சுடுதண்ணியில்லை. சுடுதண்ணி விட்டால் தோல் சுருங்கிப் போமெண்டு எனக்குத் தெரியாதே? பிள்ளைக்கு முழுக வாக்கிற சூடு. முழங்கையை விட்டுப் பாத்துத்தான் போட்டனான்."

"தேசிக்காய்?"

"அது முதல். பிழிஞ்சு ஊறவிடோணும். பிறகுதான் இந்தத் தண்ணி. இல்லாட்டி வெடுக்குப் போகாது."

"எப்ப தொட்டு இப்பிடிச் செய்யிறியள்?"

"நத்தாருக்குப் பிறகு."

ஜெனிற்றா பைப்படிக் கட்டின் மேல் இருந்தாள். இருக்க முன்னம் கையை முகர்ந்து பார்க்க மறந்துபோனாள். தேசிக்காய்ப் புளி தோலை ஊதவைத்து அதன் முறுக்கைத் திறந்துவிடும். திறந்த முறுக்குக்கு இந்தச் சூடு போதும். உள்ளே மூன்று புரியாகப் பின்னியிருக்கும் கயிறு தானாக அவிழ்ந்துவிடும். வெளியே பார்த்தால் தோல் தோலாகத்தான் இருக்கும், இன்னும் வடிவாக இருக்கும். ஆய்வுகூடத்தில் அவர்கள் பிரிட்ஜுக்கு முன்னால் காவலிருந்து காப்பாற்றின குளிர், அங்கே வந்து சேர முன்னமே இந்த நீலப் பேசினுக்குள் முடிந்துபோயிருந்தது.

"உங்களை ஆரம்மா கேட்டது?" என்றாள். தன்னுடைய குரல் இவ்வளவு கூர்மையாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. "ஒரு சொல்லு என்னைக் கேட்டிருக்கலாமே. நாலு மாசமா எல்லாம் அறுந்து போகுது. என்னைக் கள்ளியெண்டு நினைக்கினம் அங்கை."

செபஸ்தியம்மாவின் பெருவிரல் தோலின் மேல் நின்றது.

"நீ சொன்னனியே எனக்கு?" என்றாள். "பஸ்ஸாலை இறக்கிவிட்டதை நீ சொன்னனியே? எங்கடை ஒழுங்கைச் சிசிலியா பின் சீற்றிலை இருந்து பாத்துக்கொண்டு வந்தவள். அவள் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்ரை பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கை நடந்து போனதாம்."

லியோன் கொட்டிலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். தாயையும் தங்கச்சியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன, கிளாத்திக்கு ஞானஸ்நானம் குடுத்தது பிழையாப் போச்சே?" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. அவனும் மடங்காத விரலால் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விட்டான்.

அன்று பின்னேரம் முழுக்க ஜெனிற்றாவின் மனம் ஒரு குறுக்குவழியைச் சுற்றிச் சுற்றி வந்தது. நாளைக்குக் கழுவாத தோலைக் கொண்டு போகலாம். நல்ல இழை வரும். பஸ்ஸைப் பற்றியோ பேசினைப் பற்றியோ ஒருவருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இடையில் போன மாதங்கள்? ஒருமுறை நிற்கும், ஒருமுறை அறும் என்றுதான் சேர் கொழும்புக்கு எழுதுவார். தன்னுடைய சொல்லும் அந்த மாதிரியே கிடக்கும், பாதி நனைந்து பாதி காய்ந்து.

காலையில் சேருக்கு முன்னால் போய் நின்றாள். "தோலிலைதான் பிழை சேர். கொண்டுவர முதல் தேசிக்காய்த் தண்ணியிலையும் இளஞ்சூட்டுத் தண்ணியிலையும் கழுவியிருக்கு."

"ஆர் கழுவினது?"

"வீட்டிலை. அம்மா."

"ஏன்?"

கடவையில் மணி அடித்தது. ரயில் வந்தது. சாமியறைக் கதவு மெல்ல அதிர்ந்தது. பழக்கத்தில் மூன்று பேரும் கையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு நின்றார்கள். ரயில் போய் முடிகிற வரைக்கும் ஜெனிற்றாவுக்கு நேரம் இருந்தது, வேறு ஏதாவது காரணம் சொல்ல. சத்தம் அடங்கியது.

"வெடுக்கு மணக்குதெண்டு என்னை பஸ்ஸாலை இறக்கிவிட்டவை. அம்மாவுக்கு அது தெரிய வந்திட்டுது. அதாலை கழுவினவ. தோல் மணக்காமல் வந்தது எனக்கும் நல்லதாப் போச்சு. அதாலை நானும் கேக்கேல்லை."

துஷாந்தினி தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சேர் பேனையை மூடித் திறந்தார். "இது ஒரு விளக்கம்" என்றார் கடைசியில். "பொருந்துது. ஆனால் பொருந்துற விளக்கமெல்லாம் உண்மையில்லை. காட்டோணும். ஒரே மீன்ரை தோலை ரெண்டாப் பிரியுங்கோ. ஒரு பாதி கழுவாமல். மற்றப் பாதி, முந்திக் கழுவின மாதிரி அச்சொட்டா. ரெண்டிலையும் இழை செய்வம். துஷாந்தினி இழுக்கட்டும், எது எதெண்டு அவவுக்குச் சொல்லாதையுங்கோ."

அது சரியான முறைதான். ஜெனிற்றாவாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதை அம்மாவுக்கு எந்தச் சொல்லால் சொல்வது என்று தேடிக்கொண்டு போனாள். கிடைக்கவில்லை. அதனால் நேராகவே சொன்னாள்.

"பிழையெண்டு சொன்னதைத் திருப்பிச் செய்யச் சொல்லுறாய்" என்றாள் செபஸ்தியம்மா.

"ஓம் அம்மா. உங்கடை கையாலை, அதே மாதிரி. எனக்கு அந்தச் சூடு தெரியாது."

"அறுகுதோ எண்டு பாக்க."

"ஓம்."

செபஸ்தியம்மா எழும்பினாள். பேசினை வைத்தாள், தேசிக்காய் வெட்டினாள், தண்ணீர் சுட வைத்தாள். முழங்கையை விட்டுப் பார்த்தாள். ஒரு சிரட்டை பச்சைத்தண்ணீர். திரும்பவும் முழங்கை. அறுந்துபோகிற பாதி என்பதற்காக ஒரு தோலையாவது அவள் குறைத்துத் தடவவில்லை. ஜெனிற்றா பக்கத்தில் வெப்பமானியோடு நின்றாள். அதை அம்மாவின் முன்னால் தண்ணீருக்குள் விட அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுத்தநாள் பெட்டிக்குள் இரண்டு பை போயின. ஒன்று தேசிக்காய் மணந்தது, மற்றது நாறியது. உடைந்த மூடியை அவள் மாற்றவில்லை. மாற்றினாலும் பெரிய வித்தியாசம் வராது. பஸ்ஸில் இருப்பதற்கு முன் உள்ளங்கையை முகர்ந்தாள். மணந்தது. இருந்தாள். பக்கத்தில் இருந்த ஐயா பெட்டியைப் பார்த்தார்.

"என்ன மீன் பிள்ளை?"

"கிளாத்தித் தோல்."

"தோலோ? தோலை என்னத்துக்கு?"

"நூல் செய்ய."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பகிடியோ என்று தெரியாமல். பிறகு தட்டாதெருச் சந்தியில் ஒரு சீற் காலியாக, எழும்பி அங்கே போய் இருந்தார். கண்டக்டர் ஒன்றும் சொல்லவில்லை. இது வேறு ஆள். ஜெனிற்றா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கொக்குவில் வரைக்கும் போனாள்.

ஊறவிட்டு, கரைத்து, இழையாக்கி, காயப்போட்டு, கட்டிப்போட்டு, நனைத்து முடிய அடுத்த கிழமை ஆகிவிட்டது. சாமியறையில் துஷாந்தினி கவ்விகளுக்கு முன்னால் இருந்தாள். சேர் பின்னால் நின்றார். ஜெனிற்றா வாசலில், உள்ளே வர ஒருவரும் வேண்டாமென்று சொல்லவில்லை, அவளாகத்தான் நின்றாள். முதல் இழை கொஞ்சம் தாங்கி, சத்தமில்லாமல் விட்டது. அடுத்ததும் அப்படியே. துஷாந்தினி மற்றக் கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்துப் பூட்டினாள். கோடு ஏறியது. மார்கழி அளவுக்குக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் ஏறியது, இன்னும் ஏறியது. ரயில் நேரம் கிட்டிவிட்டதே என்று ஜெனிற்றா நினைத்தாள். கோடு நின்று, முறிந்து, கீழே விழுந்தது. விழுந்த உயரம் எல்லாருக்கும் தெரிந்தது. அடுத்த இழையும் நின்றது. அதற்கு அடுத்ததும்.

"இது கழுவாதது" என்றாள் துஷாந்தினி திரும்பி. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "என்ன அக்கா, அதுதானே?"

"ஓம்."

"சரி" என்றார் சேர். "கொழும்புக்கு எழுதிறன், மார்கழி இலக்கம் சரியெண்டு. இனித் தோல் வாற வழியையும் முறையிலை சேர்ப்பம்." அவர் அறையை விட்டுப் போனார். காய்ஞ்ச இழையென்று கேட்டதைப் பற்றி ஏதாவது சொல்லுவார் என்று ஜெனிற்றா வாசலில் நின்றபடி காத்திருந்தாள். முன்விறாந்தையில் அவர் கதிரையை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு தட்டச்சு. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தபோது செபஸ்தியம்மா குசினி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, என்ரை அறுந்துதே?"

"ஓம் அம்மா."

"உன்ரை?"

"நிண்டுது."

"அது போதும்" என்றாள் தாய். உண்மையாகத்தான் சொன்னாள். முகத்தில் ஒரு ஆறுதல் வந்து, வந்த இடம் தெரியாமல் போனது. "இனி நான் உன்ரை பெட்டியைத் தொடமாட்டன். லியோன் உரிச்ச கையோடை அப்பிடியே ஐஸுக்கை போடட்டும்."

அப்படியே நடந்தது. பிறகு வந்த நாட்களில் பெட்டி விடிய வாசலில் இருக்கும், தாய் அதைச் சுற்றிக்கொண்டு போவாள்.

சிசிலியாவின் மகளுக்குப் பிள்ளை பிறந்தது அந்த மாதக் கடைசியில். சிசிலியா ஒரு பின்னேரம் படலையைத் திறந்துகொண்டே வந்தாள். "செபஸ்தியக்கா, நாளைக்கு விடிய வாங்கோ. பொடியன் சரியான கத்தல். உங்கடை கைதான் அவனுக்குச் சரி."

"எனக்குக் கை ஏலாது சிசிலியா. வேறை ஆரையும் பார்."

"என்னக்கா கைக்கு?"

"ஏலாது."

சிசிலியா ஜெனிற்றாவைப் பார்த்தாள். ஜெனிற்றா தாயைப் பார்த்தாள். சிசிலியா படலையைச் சாத்திவிட்டுப் போனாள்.

ஜெனிற்றா தாய்க்குப் பக்கத்தில் போய் இருந்தாள். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். அது செத்த மீனின் தோல். உயிருள்ள தோலுக்குள் இரத்தம் ஓடும், சூடு தங்காது. எங்கள் கொலாஜன் மீனின் கொலாஜனைவிடச் சூடு தாங்கும். முதலில் தேசிக்காய் விட்டதால்தான் அப்படி ஆனது. பிள்ளைக்கு அந்தச் சூடு சரியான சூடு, அச்சொட்டான சூடு. தான் வெப்பமானி வைத்துப் பார்த்தவள். செபஸ்தியம்மா பிரசங்கம் கேட்கிற மாதிரி, முகத்தை அசைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"விளங்குது" என்றாள். "நீ படிச்சனி, உனக்குத் தெரியும்." பிறகு தன்னுடைய வலது முழங்கையை இடது கையால் மூடிக்கொண்டாள். "பிள்ளைக்கும் தோல்தானே ஜெனி."

ஜெனிற்றா எழும்பிப் போய்த் தண்ணீர் சுட வைத்தாள். நீலப் பேசினைக் கழுவிப் பைப்படியில் வைத்து, சுடுதண்ணீரை ஊற்றி, பச்சைத்தண்ணீர் கலந்தாள். தன்னுடைய முழங்கையை விட்டுப் பார்த்தாள். அவளுக்கு அது ஒன்றும் சொல்லவில்லை.

"அம்மா, இது சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்று கூப்பிட்டாள்.

குசினிக்குள் வெங்காயம் வதங்குகிற சத்தம் கேட்டது. ஜெனிற்றா இன்னொருதரம் கூப்பிட்டாள். பிறகு முக்காலியில் இருந்து, பேசினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.